கூட்டமைப்பும் குறுவட்டமும்: பள்ளிகளிடை விளையாட்டுப் போட்டியமைப்பின் வரலாறு – செட்டிநாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அண்டைப் பள்ளிகள் தம்முள் கூடி, ஆண்டுதோறும் ஒன்றோடொன்று விளையாடுவதற்கென வகுத்துக்கொண்ட அமைப்பு அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. தமிழகத்தில் அவ்விடத்தில் இருப்பது குறுவட்டம். முன்னது பள்ளிகளின் விருப்பத்தால் அமைந்தது. பின்னது ஆட்சி எல்லையால் அமைந்தது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அது ஒரு சிற்றூர்ப் பள்ளி மாணவர் ஓராண்டில் எத்தனை ஆட்டங்கள் ஆடுகிறார் என்பதை எவ்வாறு முடிவு செய்கிறது என்பனவற்றைக் கானாடுகாத்தானை மையமாகக் கொண்ட செட்டிநாட்டுப் பகுதியின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: பள்ளி விளையாட்டு, குறுவட்டம், உடற்கல்வி, செட்டிநாடு, கானாடுகாத்தான், வெளியேற்றுமுறை, லீக் முறை.

முன்னுரை

தமிழகப் பள்ளி விளையாட்டில் வழங்கும் சொற்களைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ‘குறுவட்டப் போட்டி’, ‘வருவாய் மாவட்டப் போட்டி’ என்பன உடற்கல்வி ஆசிரியர்கள் நாள்தோறும் புழங்கும் தொடர்கள். குறுவட்டம் என்பது பிர்கா என்னும் நிலவரி நிருவாக அலகிற்குரிய பெயர். வருவாய் ஆய்வாளரின் ஆளுகைக்கு உட்பட்டது. வருவாய் மாவட்டம் என்பதும் கல்வி மாவட்டத்திலிருந்து வேறுபடுத்துவதற்காக எழுந்த வழக்கு. வருவாய்க் குறுவட்டமும் விளையாட்டுக் குறுவட்டமும் ஒரே எல்லை கொண்டவை அல்ல. ஆயினும், ஓடுகளத்தில் நிற்கும் சிறுவனைக் குறிக்க நிலவரிக் கணக்கின் மொழியே எடுத்தாளப்படுகிறது. இது வெறும் பெயர்ப் பொருத்தம் அன்று. இப்போட்டியமைப்பு எங்கிருந்து பிறந்தது என்பதற்கு அச்சொல்லே சான்று.

தமிழ் விளையாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் மரபு விளையாட்டுகளின் தொகுப்பாகவும் வகைப்பாடாகவும் அமைகின்றன. வெற்றி பெற்ற வீரர்களின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. ஆனால் யார் யாரோடு, எப்பொழுது, எத்தனை முறை மோதுவது என்பதை வகுக்கும் போட்டியமைப்பு, உடற்கல்விப் பாடநூல்களில் ஓர் அலகாக நின்றுவிடுகிறது. அவ்வமைப்பிற்கும் வரலாறு உண்டு.

பள்ளிகள் தாமே கூடிய வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டை நடத்தியவர்கள் மாணவர்களே. அணி திரட்டுவதும், அண்டை ஊர்ப் பள்ளிக்கு அழைப்பு விடுப்பதும், பந்து வாங்கப் பணம் தண்டுவதும் அவர்கள் பொறுப்பு. அதனால் குழப்பங்களும் மிகுந்தன. பள்ளியில் படிக்காதவர்கள் பள்ளியின் பெயரில் ஆடினர். வயது மிகுந்தவர்கள் களம் இறங்கினர். நடுவரின் தீர்ப்பை ஏற்க மறுத்து இடையிலேயே வெளியேறிய அணிகளும் உண்டு. இந்நிலையில்தான் தலைமையாசிரியர்கள் தலையிட்டனர். 1896இல் அமெரிக்க நடுமேற்குப் பகுதியின் ஏழு பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டுகளை ஒழுங்குபடுத்த ஓர் அமைப்பை ஏற்படுத்தியிருந்தன. பிற்காலத்தில் ‘பிக் டென்’ எனப் புகழ்பெற்றது அதுவே. உயர்நிலைப் பள்ளிகளும் அவ்வழியைப் பின்பற்றின.

ஓரளவு ஒத்த மாணவர் எண்ணிக்கை உடைய, ஒரு நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவில் உள்ள, ஆறு முதல் பத்து வரையிலான பள்ளிகள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வதே இவ்வமைப்பின் இலக்கணம். ஒவ்வொரு பள்ளியும் மற்ற எல்லாப் பள்ளிகளோடும் ஒரு பருவத்தில் ஒரு முறையேனும் ஆட வேண்டும். யார் ஆடத் தகுதியுடையவர் என்பதை எல்லாரும் சேர்ந்து வகுப்பர். இவற்றிற்கு மேலே மாநிலச் சங்கங்கள் எழுந்தன. 1920இல் இல்லினாய், இந்தியானா, அயோவா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய ஐந்து மாநிலங்களின் சங்கங்கள் இணைந்த கூட்டமைப்பு, பின்னர் நாடு தழுவியதாக விரிந்தது. அதாவது, கட்டடம் அடித்தளத்திலிருந்து மேலே எழுந்தது. மாநில வாகையர் பட்டம் வருவதற்கு முன்பே அண்டை ஊர்ப் பகை வந்துவிட்டது.

இவ்வமைப்பைக் குறையற்றதாகக் கருதிவிடக் கூடாது. பெண்களுக்கு அதில் நெடுங்காலம் இடமே இல்லை. கல்வியில் பால்வேறுபாட்டைத் தடை செய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முந்தைய கல்வியாண்டில், அந்நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற பெண்கள் ஏறத்தாழ 2,94,000 பேர். ஆண்களோ 36 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நிறவேற்றுமை நிலவிய தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகள் தமக்கெனத் தனிச் சங்கங்களை அமைத்துக்கொள்ள நேர்ந்தது. விருப்பத்தால் கூடும் அமைப்பு, விரும்பாதவரை வெளியே நிறுத்தவும் வல்லது.

தமிழ் மண்ணில் இதற்கு மிக நெருங்கிய மரபு யாழ்ப்பாணத்தில் காணப்படுகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டி ‘வடக்கின் போர்’ எனப்படுகிறது. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறித்தவச் சமயப் பரப்புநர்களால் நிறுவப்பட்டவை. எந்த அரசாணையும் இப்போட்டியைத் தோற்றுவிக்கவில்லை. எந்த மாநிலப் பட்டத்திற்கும் இது படிக்கட்டு அன்று. வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்வதில்லை, தோற்றவர் வெளியேறுவதுமில்லை. இரு பள்ளிகளும் அடுத்த ஆண்டு மீண்டும் சந்திக்கும், அவ்வளவே. இத்தகைய தொடர் உறவு தமிழகத்தின் அரசுப் பள்ளிகளிடையே ஏன் வேர் கொள்ளவில்லை என்பது எண்ணத்தக்கது.

சென்னை மாகாணத்தில் உடற்கல்வி

அமெரிக்கப் பள்ளி விளையாட்டின் உட்பொருள் சென்னைக்கு வராமல் இல்லை. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் நந்தனத்தில் கல்லூரியாக நிலைபெற்ற அந்நிறுவனமே இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்களை முறையாகப் பயிற்றுவித்த முன்னோடி. பக் பயின்ற ஸ்பிரிங்ஃபீல்டு, 1891இல் கூடைப்பந்து பிறந்த இடம். கைப்பந்தும் 1895இல் அதே மாநிலத்து ஒய்.எம்.சி.ஏ. ஒன்றிலேதான் தோன்றியது. 1924ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியுடனும் பக் சென்றார். சென்னையில் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் வழியாகவே கைப்பந்தும் கூடைப்பந்தும் மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவின. இன்றும் சிற்றூர்களில் முதியோர் உடற்கல்வி ஆசிரியரை ‘டிரில் மாஸ்டர்’ என்றே சொல்கின்றனர். அப்பெயர் படைப்பயிற்சியை நினைவூட்டுவது. பக் வருவதற்கு முன்பு பள்ளிகளில் நிலவிய உடற்பயிற்சி முறையின் எச்சம் அது.

ஆக, ஆட்டங்கள் வந்தன, ஆட்ட விதிகள் வந்தன, பயிற்றுநர்களும் உருவாயினர். வராதது ஒன்றே: பள்ளிகள் தாமே கூடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை. மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி என்பது கல்வித் துறையின் ஏற்பிசைவையும் நல்கையையும் நம்பி இயங்கியது. தலைமையாசிரியர் தம் விருப்பப்படி அண்டைப் பள்ளியோடு ஒரு பருவத்திற்கான அட்டவணை வகுத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. ஆய்வாளர், மாவட்டக் கல்வி அலுவலர், இயக்குநர் என மேலிருந்து கீழிறங்கும் ஏணி முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. விளையாட்டும் அந்த ஏணியிலேயே ஏற வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின் இந்த ஏணி தில்லி வரை நீண்டது. 1953இல் ராஜகுமாரி அமிர்த கவுர் பயிற்சித் திட்டமும், 1954இல் அனைத்திந்திய விளையாட்டு மன்றமும், அதே ஆண்டில் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பும் தோன்றின. கூட்டமைப்பு என்னும் பெயரைக் கொண்டிருப்பினும் அதன் உறுப்பினர்கள் பள்ளிகள் அல்ல, மாநிலங்களும் அவற்றையொத்த அலகுகளும் ஆவர். தேசியப் போட்டிக்கு மாநில அணி தேவை. மாநில அணியைத் தெரிவு செய்ய மாவட்டப் போட்டி தேவை. மாவட்டப் போட்டிக்குக் குறுவட்டப் போட்டி தேவை. அமெரிக்காவில் கீழிருந்து மேலே எழுந்தது, இங்கே மேலிருந்து கீழே இறங்கியது. குறுவட்டப் போட்டியின் நோக்கம், அதன் பிறப்பிலேயே, வடிகட்டுதல். பள்ளிகள் ஒன்றோடொன்று விளையாடுவது அவ்வடிகட்டலின் துணைவிளைவு.

தமிழகத்தில் இவ்வேணி பாரதியார் நாள் போட்டிகள், குடியரசு நாள் போட்டிகள் என்னும் இரு பெயர்களில் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. 14 வயதுக்குட்பட்டோர் இளையோர், 17 வயதுக்குட்பட்டோர் மூத்தோர், 19 வயதுக்குட்பட்டோர் மிக மூத்தோர் என மூன்று பிரிவுகள். இவற்றுள் மூன்றாவது பிரிவின் வளர்ச்சிக்குப் பின்னே விளையாட்டோடு தொடர்பற்ற ஒரு காரணம் இருக்கிறது. 1978இல் தமிழக அரசு மேல்நிலைக் கல்வியைப் பள்ளிகளில் அறிமுகம் செய்தது. அதுவரை கல்லூரியில் புகுமுக வகுப்புப் பயின்ற வயதினர் பள்ளியிலேயே தங்கினர். தசை முற்றிய, உயரம் நிறைந்த ஓர் இளைஞர் கூட்டம் பள்ளி மைதானத்திற்குக் கிடைத்தது. மேல்நிலை வகுப்புப் பெற்ற பள்ளிக்கும் உயர்நிலையோடு நின்ற பள்ளிக்கும் இடையே வலிமை வேறுபாடு அன்றுமுதல் கூடியது எனலாம்.

செட்டிநாடும் அதன் எல்லைகளும்

காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ள கானாடுகாத்தான், அரண்மனை போன்ற வீடுகளுக்காகப் பயணிகள் தேடி வரும் பேரூர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1881இல் பிறந்த ஊர் இது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937இல் தோற்றுவித்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரும் இவ்வூரினரே. விளையாட்டு வரலாற்றிலும் இவ்வூர்க் குடும்பத்திற்குப் பங்குண்டு. அண்ணாமலை செட்டியாரின் மகன் எம்.ஏ. சிதம்பரம், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக 1960களின் தொடக்கத்தில் பணியாற்றினார்; தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தையும் நெடுங்காலம் வழிநடத்தினார். சேப்பாக்கம் மைதானம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

செட்டிநாட்டுச் செல்வம் கல்விக்குத் திரும்பியதில் கோட்டையூர் அழகப்பச் செட்டியாரின் பெயர் முதன்மையானது (1909–1957). 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியில் தொடங்கிய அவரது கல்விப் பணி, மழலையர் பள்ளி முதல் பொறியியல் கல்லூரி வரை விரிந்தது. 1956இல் உடற்கல்விக் கல்லூரியும் சேர்ந்தது. சென்னைக்கு வெளியே, நெல்லும் நீரும் குறைந்த ஒரு வறண்ட வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனம் எழுந்தமை கருதத்தக்கது. செட்டிநாட்டுப் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கையெட்டும் தொலைவில் கிடைத்தனர். பயிற்சி மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்காக வந்து செல்லும் பள்ளிகளில் கோடு போட்ட ஆடுகளமும் அட்டவணை போட்ட போட்டியும் பழகிப்போயின.

எல்லையோ வேறு கதை சொல்கிறது. நகரத்தார் ஊர்கள் இன்று எழுபதுக்கும் மேற்பட்டவை. அவை தமக்குள் ‘வட்டகை’ என்னும் பிரிவுகளாகக் கூடி வழங்கியவை. திருமண உறவும் கோயில் உறவும் அக்கூட்டத்தைக் கட்டிக் காத்தன. ஆட்சி எல்லை இவ்வட்டாரத்தை இரண்டாகப் பிளந்தது. கானாடுகாத்தான் பிரித்தானிய ஆட்சியில் இருந்த இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் வடக்கே இருக்கும் கோனாபட்டு, இராயவரம் போன்ற ஊர்கள் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமத்தானத்தில் இருந்தன. 1948இல் சமத்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று. அரசு மாறிற்று, கோடு மாறவில்லை. ஒரே வீட்டமைப்பு, ஒரே உணவு, ஒரே பேச்சு வழக்கு உடைய இரு ஊர்களின் பள்ளிகள், குறுவட்டத்திலோ மாவட்டத்திலோ எதிரெதிரே நிற்க வழியில்லை. இரண்டும் தத்தம் மாவட்டத்தில் வாகை சூடினால் மாநிலப் போட்டியில், தொலைதூர நகரம் ஒன்றில், முதன்முறையாகச் சந்திக்கலாம். இரு பள்ளிக் குழந்தைகளின் பெற்றோர் கோயில் விழாவில் ஆண்டுதோறும் சந்தித்துக்கொள்கின்றனர் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

தெற்கே நடந்த மாற்றம் இதற்கு நேர்மாறானது. 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டம், மேற்கே இராசபாளையம், திருவில்லிபுத்தூர் முதல் கிழக்கே இராமேசுவரம் வரை பரந்திருந்தது. 1985இல் அது இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என மூன்றாகப் பிரிந்தது. மாவட்டத்திற்கு ஓர் அணி என்னும் அளவுகோலில், முன்பு ஒரே இடத்திற்குப் போட்டியிட்ட பள்ளிகளுக்கு இப்பொழுது மூன்று இடங்கள். ஒரு மாணவரும் கூடுதலாக ஓடவில்லை, ஒரு மைதானமும் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் மாநில அளவை எட்டுவதற்கான வாய்ப்பு மும்மடங்காயிற்று. அரசியல், நிருவாகக் காரணங்களுக்காக வரையப்படும் கோடு விளையாட்டு வாய்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முப்பது நிமிடப் பருவம்

எல்லையைக் காட்டிலும் ஆழமாகப் பாதிப்பது போட்டி நடத்தப்படும் முறை. குழு விளையாட்டுகளில் குறுவட்ட அளவில் பெரிதும் கையாளப்படுவது வெளியேற்றுமுறை. உடற்கல்வி ஆசிரியர் வழக்கில் ‘நாக் அவுட்’. தோற்ற அணி அன்றே வீடு திரும்பும். ஓரிரு நாளில் பல பிரிவுகளுக்கும் போட்டிகளை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் ஒருங்கிணைப்பாளருக்கு இதைவிட எளிய வழி இல்லை என்பது உண்மையே.

இதன் கணக்கை வெளிப்படையாகப் போட்டுப் பார்ப்பது நலம். 16 பள்ளிகள் பங்கேற்பதாகக் கொள்வோம். மொத்த ஆட்டங்கள் 15. அவற்றுள் 8 பள்ளிகள் ஒரே ஓர் ஆட்டம் ஆடி வெளியேறும். 4 பள்ளிகளுக்கு இரண்டு ஆட்டங்கள். 2 பள்ளிகளுக்கு மூன்று. இறுதிக்குச் செல்லும் இரண்டிற்கு மட்டும் நான்கு. பள்ளிகள் எத்தனை கூடினாலும், முதல் சுற்றில் விலக்குப் பெறும் அணிகள் இல்லாதவரை, பாதி அணிகள் முதல் ஆட்டத்தோடு முடிந்துபோவது இம்முறையின் இயல்பு.

கபடியை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். இளையோர் கபடி, 15 நிமிடப் பாதிகள் இரண்டும் இடையே 5 நிமிட ஓய்வும் கொண்டது. ஆக, ஆட்டம் 30 நிமிடம். முதல் சுற்றில் தோற்கும் பள்ளியின் சிறுவனுக்கு அவ்வாண்டின் பருவம் முழுவதும் அந்த 30 நிமிடங்களே. அணியில் 12 பேர் இருப்பர். களத்தில் நிற்போர் எழுவர். எஞ்சிய ஐவருள் சிலர் களத்தை மிதிக்காமலே சீருடையைக் கழற்றி மடித்து வைத்துவிடுவதும் உண்டு. சூன் மாதம் பள்ளி திறந்தது முதல் மாலைதோறும் பாடிப் பழகியவர்கள் இவர்கள். சீட்டுக் குலுக்கலில் வட்டாரத்தின் மிக வலிய அணி முதல் எதிரியாக வந்துவிட்டால், அவ்வணி இரண்டாவது வலிய அணியாகவே இருப்பினும், ஆண்டு அத்துடன் முடிந்தது.

லீக் முறையின் கணக்கு வேறு. 8 பள்ளிகள் ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் ஒரு முறை ஆடினால் ஆட்டங்கள் 28. எந்தப் பள்ளியும் 7 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடுவதில்லை. தோல்விக்கு அடுத்த வாரம் மறுமொழி சொல்லலாம். முதல் ஆட்டத்தில் தடுமாறிய பிடியாளர் ஐந்தாம் ஆட்டத்தில் தேறிவிடலாம். மாற்று வீரர்களுக்கும் முறை வரும். விளையாட்டுத் திறன் ஆட்டத்தில்தான் முதிர்கிறது என்பதைப் பயிற்றுநர் எவரும் மறுக்கமாட்டார். அமெரிக்கப் பள்ளிக் கூட்டமைப்புகளின் மையமே இவ்வேழு ஆட்டங்கள்தாம். மாநிலப் பட்டம் அதற்கு மேல் வைத்த மகுடம். தமிழகத்தில் மகுடத்திற்கான வழி இருக்கிறது, ஏழு ஆட்டங்கள் இல்லை.

தடகளத்தில் நிலைமை சற்று வேறு. ஒரே மாணவர் நூறு மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் தொடர் ஓட்டத்திலும் பங்கேற்று, ஒரு நாளிலேயே பலமுறை தம்மை அளந்து பார்க்கலாம். தனிநபர் வாகையர் பட்டம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் எட்டக்கூடியது. ஒட்டுமொத்த வாகையர் பட்டம் அப்படியன்று. எல்லா நிகழ்வுகளுக்கும் ஆள் அனுப்பும் பெரிய பள்ளிக்கே புள்ளிகள் சேரும். கோலூன்றித் தாண்டக் கோலும் மெத்தையும் இல்லாத பள்ளி, அந்நிகழ்வின் புள்ளிகளைப் போட்டிக்கு முன்பே விட்டுக்கொடுத்துவிடுகிறது.

சான்றிதழின் வலிமை

இத்தனை குறைகள் இருந்தும் ஏணி முறை அசையாமல் நிற்பதற்குக் காரணம் சான்றிதழ். நடுவண் அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏற்கப்படும் படிவங்களுள் நான்காவது, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலத்தின் சார்பில் ஆடியவர்க்கு உரியது. தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காட்டு ஒதுக்கீடு உண்டு. பொறியியல், மருத்துவச் சேர்க்கையிலும் தனி இடங்கள் உள்ளன. ஏழைக் குடும்பத்து மாணவருக்கு இது வாழ்வை மாற்றும் தாள். அண்டைப் பள்ளிகள் எட்டு கூடி நடத்தும் லீக் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அத்தாளைத் தர இயலாது. எனவே பெற்றோரும் ஆசிரியரும் ஏணியையே நாடுவதில் வியப்பில்லை. அவர்களைக் குறை கூறுவதும் முறையாகாது.

ஆயின் ஏணியின் உச்சியை எட்டுவோர் மிகச் சிலர். குறுவட்ட முதற்சுற்றில் நின்றுபோகும் பெரும்பான்மையோர்க்கு இம்முறை தருவது ஒரு பயணமும் ஒரு பொட்டலச் சோறும்தான். பள்ளி விளையாட்டு யாருக்காக என்னும் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, விளையாட்டு மைதானத்தை எல்லாப் பள்ளிக்கும் உரிய வசதியாக வைக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிக்கு உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரையும் விதிக்கிறது. அதன் தொடர்ச்சியாகத் தமிழகத்தில் 2012இல் ஓவியம், தொழிற்கல்வி, உடற்கல்வி ஆகியவற்றிற்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். சட்டம் எல்லாக் குழந்தைகளையும் எண்ணிப் பேசுகிறது. போட்டியமைப்போ வென்ற குழந்தையை மட்டும் எண்ணுகிறது.

மாணவியர் நிலையில் இது இன்னும் கடுமை. மாணவியர் அணியுடன் ஆசிரியை ஒருவர் செல்ல வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே உள்ள பள்ளியில், அவர் ஆணாக இருந்தால், வேறு பாட ஆசிரியை ஒருவர் தம் வகுப்புகளை விட்டுவிட்டு உடன் செல்ல நேரும். பேருந்து மாறிச் சென்று, முற்பகலிலேயே தோற்று, பிற்பகலில் திரும்பும் பயணத்திற்காகப் பெற்றோரிடம் இசைவு கேட்பதும் எளிதன்று. ஆட்டம் அருகிலிருக்கும் ஊரில், காலையில் சென்று உணவு நேரத்திற்குள் திரும்பும் வகையில் அமைந்தால் அவ்விசைவு எளிதில் கிடைக்கும். தொலைவு மாணவரைக் காட்டிலும் மாணவியரை மிகுதியாகத் தடுக்கிறது.

அண்மை மாற்றங்களும் எஞ்சியிருக்கும் வேலையும்

1992இல் தோன்றிய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், பள்ளிக் கல்வித் துறையின் ஏணிக்கு அருகே மற்றோர் ஏணியை நிறுத்தியது. 2023இல் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு எனப் பலருக்கும் விரிவாக்கப்பட்டன. 2024 சனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு நகரங்களில் நடைபெற்றன. சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தமிழகம் 38 தங்கத்துடன் இரண்டாம் இடம் பெற்றது. இவை பெருமைக்குரியவை. எனினும் இவையும் தெரிவுப் போட்டிகளே. ஏணி இரண்டாயிற்று; படிகளின் தன்மை மாறவில்லை.

கானாடுகாத்தானைச் சூழ்ந்த எட்டுப் பள்ளிகள் தமக்குள் ஓர் இளையோர் கபடி லீக் நடத்த வேண்டுமாயின் தேவைப்படுவன எவை எனக் கணக்கிடலாம். 28 ஆட்டங்கள், சுற்றுக்கு நான்காக, ஏழு சனிக்கிழமைகளில் முடியும். ஓர் ஆட்டம் ஓய்வு நேரத்துடன் 35 நிமிடம். நான்கு ஆட்டங்கள் ஒரே ஆடுகளத்தில் 140 நிமிடம். இடைவெளிகளையும் சேர்த்தால் ஒரு முற்பகல் போதும். இளையோர்க்குரிய அளவுடைய களம், சுண்ணாம்புப் பொடி, ஒரு விசில், புள்ளி எழுத ஒரு குறிப்பேடு. காரைக்குடி உடற்கல்விக் கல்லூரியின் பயிற்சி மாணவர்கள் நடுவர்களாக அமைந்தால் அது அவர்கள் பாடத்திட்டத்திற்கும் பயன்படும். சூலையில் தொடங்கினால் குறுவட்டப் போட்டிக்கு முன்பே ஒவ்வோர் அணியும் சில ஆட்டங்களேனும் ஆடி முடித்திருக்கும்.

செலவு பெரிதன்று, ஆணை பெறுவதே கடினம். எட்டுப் பள்ளிகளும் சிவகங்கை மாவட்டத்திற்குள் இருந்தால் ஒரே முதன்மைக் கல்வி அலுவலரின் இசைவு போதும். கோனாபட்டையோ இராயவரத்தையோ சேர்த்துக்கொள்ள விரும்பினால் புதுக்கோட்டை முதன்மைக் கல்வி அலுவலரின் இசைவும் வேண்டும்.